மலைத்தடத்தில் கைக்கியரும் தானியங்கியும்

மோட்டார் வண்டியின் கியரை ஓட்டுவோன் தன் கையால் மாற்றுதல் நன்றோ, இயந்திரமே தானாக மாற்றிக்கொள்ள விடுதல் நன்றோ என்னும் வினா, சமநிலச் சாலையில் ஓட்டுவோர்க்குப் பெரும்பாலும் விருப்பத்தைப் பற்றிய வினாவே. ஒருவர்க்குக் கியர்க்கோலைக் கையாளுவதில் இன்பம். மற்றொருவர்க்கு நகர நெரிசலில் இடக்காலுக்கு ஓய்வு கிடைப்பதில் இன்பம். இருவரும் மாலைவரை வாதாடிப் பின் தேநீர் அருந்திப் பிரிவர், யாருக்கும் நட்டமில்லை. ஆனால் சாலை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லாத மலைத்தடத்தில், நோயாளியையும் கர்ப்பிணியையும் ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டியைப் பற்றி இவ்வினா எழுமாயின், அது விருப்பத்தின் எல்லையைக் கடந்துவிடுகின்றது. சென்ற விடுமுறையில் அத்தகைய வினாவொன்று என் தாய்மாமன் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. அதனை ஆராய்வதில் எனக்கும் ஒரு சிறு பங்கு கிடைத்தது. கண்டவற்றையும் கேட்டவற்றையும் நம் கல்லூரி இதழ் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

கேரளத்து இடுக்கி மாவட்டத்திலுள்ள சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் செல்லும் ஜீப்புத் தடத்தை நம்மிற் பலர் அறிந்திருப்பர். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததே எனினும், வண்டியிற் செல்வோர் கேரளத்துப் பக்கமிருந்தே ஏறவேண்டும். பாறைகளும் உருண்டைக் கற்களும் மழைநீர் அரித்த பள்ளங்களுமே அத்தடம். என் மாமா ஓட்டும் தடம் அஃதன்று. அதனுடன் பிறந்தது என்று சொல்லத்தக்க வேறொன்று. அதன் முடிவில் ஒரு தோட்டமும், தொழிலாளர் வாழும் சில லயங்களும், ஒரு சிறு மருந்தகமும் உள்ளன. அரிசியும் மண்ணெண்ணெயும் மேலே போவதும், கொழுந்து மூட்டையும் காய்ச்சற்காரரும் கீழே வருவதும் அத்தடத்தின் வழியாகத்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாமா அங்கே ஜீப்பு ஓட்டுகிறார். அவர் ஜீப்பில் அழுகுரலோடு பிறந்த குழந்தைகள் இருவர். அவ்விருவரும் இன்று பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள்.

அந்த ஜீப்பு பழைய மரபைச் சேர்ந்தது. மகீந்திரா நிறுவனத்தார் 1947ஆம் ஆண்டில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை இந்நாட்டில் பொருத்தி விற்கத் தொடங்கினர். இரண்டாம் உலகப் போரிற் புகழ்பெற்ற அந்த வில்லிஸ் வண்டிக்கு முன்செல்லும் கியர்கள் மூன்றே; ஆயினும் கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இருநிலை கொண்ட இன்னொரு சிறு பெட்டி உண்டு. அதைக் கீழ்நிலையில் வைத்தால் ஒவ்வொரு கியரின் வலிமையும் ஏறக்குறைய இருமடங்காகும். வேகம் அந்த அளவிற் குறையும். ஓட்டுநர்கள் இதனை 'லோ கியர்' என்பர். மலைத்தடத்தில் வண்டியின் உயிர்நிலை இதுதான். கைக்கியராயினும் தானியங்கியாயினும், கீழ்நிலைப் பெட்டி இல்லாத வண்டி இத்தடத்திற்கு ஆகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் நலம்.

இனி வினா எழுந்த வகையைக் கூறுவேன். அத்தோட்டத்து மருந்தகத்தின் வண்டி மிகப் பழையதாயிற்று. புதியதொன்று வாங்க நிருவாகத்தார் எண்ணினர். முன்பெல்லாம் இங்கே தேர்வு என்பதே இல்லை. கிடைத்த நான்கு சக்கர விசை வண்டிகளெல்லாம் கைக்கியரே. இப்பொழுதோ நிலைமை வேறு. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த புதிய தார் வண்டியும், 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியும் கைக்கியரிலும் கிடைக்கின்றன, தானியங்கியிலும் கிடைக்கின்றன. எது வேண்டும் என்று மானேஜர் மாமாவையே கேட்டார்; கேட்டதோடு நில்லாமல், காரணங்களை எழுதித் தரவும் சொன்னார்.

இதிலேதான் ஒரு சிக்கல். மாமாவின் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. முப்பது ஆண்டுகள், நாளொன்றுக்குப் பல நூறு முறை, கடினமான கிளட்ச்சை அழுத்திய கால் அது. கிளட்ச் மிதிப்பதை விட்டாலன்றி வலி தீராது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆகவே, கைக்கியர் வண்டி வந்தால் மாமாவின் வேலை இன்னும் ஓராண்டோ ஈராண்டோ. தானியங்கி வந்தால் இன்னும் பத்தாண்டு. "மாப்பிள்ளை, நீ பௌதிகம் படிக்கிறவன், இங்கிலீசுப் புத்தகமும் படித்துப் பார்க்கத் தெரிந்தவன். எனக்கு முழங்கால் நன்றாக இருந்தால் எதைச் சொல்லுவேனோ, அதைத்தான் எழுத வேண்டும். என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்கே தெரிகிறது. நீ எதிர்ப்பக்கம் இருந்து கேள்" என்றார் அவர். ஆதலின் நான் கைக்கியரின் வழக்கறிஞன் ஆனேன்.

கைக்கியரின் அமைப்பு எளியது. இயந்திரத்தின் கனத்த சக்கரத்தோடு கிளட்ச்சுத் தகடு உராய்ந்து ஒட்டிக்கொள்ளுகிறது. மிதியை அழுத்தினால் விலகுகிறது. அதற்குப் பின்னால் பற்சக்கரங்கள். 1928இல் காடிலாக் வண்டிகளில் 'சிங்க்ரோமெஷ்' என்னும் ஒத்தியைவு வளையங்கள் புகுந்தன. அதற்குமுன், கியர் மாற்றுகையில் பற்கள் ஒன்றோடொன்று மோதி அலறாதபடி இரு முறை கிளட்ச் மிதிக்க வேண்டியிருந்தது. இவ்வளவே இதன் வரலாறு. இரும்பும் உராய்வுத் தகடும் சிறிது எண்ணெயும். இயந்திரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே ஐயத்துக்கு இடமில்லாத நேர்த்தொடர்பு.

தானியங்கியோ நீர்ம வழியாக விசையைக் கடத்துவது. ஜெர்மானியப் பொறியாளராகிய ஹெர்மான் ஃபொட்டிங்கர் 1905இல் கப்பல்களுக்கென இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒன்றையொன்று நோக்கிய இரண்டு மின்விசிறிகளை எண்ணிக்கொள்ளுங்கள்: ஒன்று மின்சாரத்தாற் சுழன்றால், அதன் காற்றில் எதிரிலுள்ளதும் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று கொண்டால் தத்துவம் விளங்கும். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஓர் இலைச்சக்கரம், திரும்பிவரும் எண்ணெயின் போக்கை மாற்றி மீண்டும் உதவிக்கு அனுப்புகிறது. ஆதலால் வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இயந்திரத்தின் முறுக்குவிசை ஏறக்குறைய இருமடங்காகப் பெருகுகின்றது. இதற்கு 'டார்க் கன்வெர்ட்டர்' என்று பெயர். இதன் பின்னால் கோள்களைப் போற் சுற்றும் பற்சக்கரத் தொகுதிகள் எண்ணெய் அழுத்தத்தாற் கட்டுண்டும் விடுபட்டும் கியரை மாற்றுகின்றன.

'தானியங்கி மென்மையானது, அடிபட்டாற் தாங்காது' என்பது கைக்கியர்க்காரர் வழக்கமாகச் சொல்லும் குற்றச்சாட்டு. அதனை நானும் எடுத்துரைத்தேன். ஆனால் சரித்திரம் எனக்குத் துணைநிற்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் வண்டியிற் புகுத்திய ஹைட்ராமாட்டிக் என்னும் தானியங்கிப் பெட்டி, சில ஆண்டுகளிலேயே போர்க்களம் சென்றது. அமெரிக்கரின் எம்5 என்னும் இலகுரகத் தாங்கியில் இரண்டு காடிலாக் இயந்திரங்களும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹைட்ராமாட்டிக்கும் பொருத்தப்பட்டன. சேற்றிலும் மேட்டிலும் பல டன் எஃகை இழுத்த பெட்டியை மென்மையானது என்று எவ்வாறு தள்ளுவது? நம் காலத்திலும், ஆஸ்திரேலியப் பாலைநிலப் பண்ணைகளும் சுரங்கங்களும் நம்பியிருக்கும் டொயோட்டா லாண்டு குரூசர் 70 வரிசை, 1984இற் பிறந்தது; அந்நாட்டில் நெடுங்காலம் கைக்கியரோடே விற்கப்பட்டது; 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதற்கும் ஆறு நிலைத் தானியங்கி வந்தது. பழமையைக் கைவிட அவ்வளவு தயங்கும் வாடிக்கையாளர்களுக்கே அதை விற்கத் துணிந்தனர் என்றால், பழைய குற்றச்சாட்டு வலுவிழந்தது என்றே கொள்ளவேண்டும்.

ஆயினும் ஒரு திருத்தம் இங்கே இன்றியமையாதது. தானியங்கி என்னும் ஒரே பெயரில் வெவ்வேறு சாதிப் பெட்டிகள் விற்கப்படுகின்றன. 2014இல் மாருதி செலிரியோ வழியாக இந்தியாவிற் புகுந்த ஏ.எம்.டி. என்பது உண்மையில் கைக்கியர்ப் பெட்டியே. கிளட்ச்சை மிதிக்கவும் கியரைத் தள்ளவும் மனிதக் கால்கைகளுக்குப் பதிலாகச் சிறு கருவிகளை வைத்தது, அவ்வளவே. அதிலும் உலர்ந்த கிளட்ச்சுத் தகடு ஒன்று உண்டு. செங்குத்தான இடத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் அத்தகடும் தீய்ந்து நாறும். நகரத்துக்கு அது நல்ல சிக்கனம், பாறைத்தடத்துக்கு அன்று. நாங்கள் எடைபோட்டது டார்க் கன்வெர்ட்டர் உள்ள தானியங்கியை மட்டுமே.

முதலில் ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். கைக்கியரில் ஏறும் ஓட்டுநனுக்கு மூன்று மிதிகளும் இரண்டே கால்களும் உள்ளன. பாறைப்படி ஒன்றின்மேல் முன்சக்கரம் முட்டி நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை விட்டாற் பின்னே உருளும். கிளட்ச்சைச் சட்டென விட்டால் இயந்திரம் நின்றுவிடும். பாதி விட்டுப் பிடித்தால் தகடு உராய்ந்து சூடேறும். வல்லவன் இம்மூன்றுக்கும் நடுவே ஒரு மயிரிழையைக் கண்டுபிடித்து ஏறிவிடுகிறான். என் மாமா ஏறும்போது பின்னால் இருக்கும் தண்ணீர்க் குடம் தளும்புவதில்லை. ஆனால் மருந்தகத்து வண்டியை அவர் மட்டுமா ஓட்டுவார்? வேறிருவர் உள்ளனர், ஒருவர்க்கு உரிமம் கிடைத்து இரண்டு ஆண்டுகளே ஆயின. நள்ளிரவில் மழையில் அழைப்பு வந்தால், அன்று யார் முறையோ அவரே போகவேண்டும். கிளட்ச்சை வெடுக்கென்று விடும் கால் ஒவ்வொரு முறையும் அச்சுத்தண்டுக்கும் மூட்டுகளுக்கும் ஒரு சம்மட்டி அடி கொடுக்கிறது. படுக்கையிலுள்ள நோயாளிக்கும் அவ்வடி விழுகிறது. தானியங்கியிலோ எண்ணெயே மெத்தையாகி அவ்வதிர்ச்சியை விழுங்குகின்றது. இயந்திரம் நின்றுபோவது அரிது. ஒரு கால் பிரேக்கின்மேலும் மற்றொன்று வேகமிதியின்மேலும் இருக்க, சக்கரத்தைப் பாறைமீது மெல்ல ஏற்றி இறக்கலாம்.

எண்களைக் கொண்டு நான் எதிர்வாதம் செய்தேன். பாறையேறுவதற்கென்றே அமைந்த ஜீப்பு ராங்ளர் ரூபிகானின் 2018ஆம் ஆண்டு வடிவத்தை எடுத்துக்காட்டினேன். மிகக் கீழான கியரில், கைக்கியர் வண்டியின் இயந்திரம் 84.2 முறை சுழன்றாற் சக்கரம் ஒருமுறை சுழலும். தானியங்கி வண்டியிலோ 77.2 சுழற்சிக்கே ஒருமுறை. எனவே கைக்கியர்தானே வலியது என்றேன். மாமா சற்றே யோசித்து, "மேலே போகும்போது அந்த எண்ணெய் இருமடங்காகப் பெருக்குகிறது என்று நீதானே சொன்னாய்? அப்படியானால் ஏற்றத்தில் உன் கணக்கு செல்லாது; இறக்கத்தில் மட்டும் செல்லும்" என்றார். அஃது உண்மை. எண்ணெய் தரும் பெருக்கம் இயந்திரம் சக்கரத்தைத் தள்ளும்போது மட்டுமே. சக்கரம் இயந்திரத்தைத் தள்ளும்போது அப்பெருக்கம் இல்லை. புத்தகத்தில் நான் படித்த இரு செய்திகளை அவர் ஒன்றாகப் பிணைத்துவிட்டார்.

ஆகவே இறக்கத்துக்கு வருவோம். உயிரிழப்புக்கு அஞ்சவேண்டிய இடம் ஏற்றமன்று, இறக்கமே. 'ஏறிய கியரிலேயே இறங்கு' என்பது மலை ஓட்டுநர் யாவரும் கைக்கொள்ளும் விதி. கீழ்நிலைப் பெட்டியில் முதற் கியரை இட்டுக் கால்களை எடுத்துவிட்டால், பழைய ஜீப்பு நடைபோடும் மனிதனைப் போல் இறங்கும்; பிரேக்கு ஓய்ந்திருக்கும். பிரேக்கையே நம்பி நெடிய சரிவில் இறங்கினால், உராய்வுப் பட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஈரம் ஏறிய பழைய பிரேக்கு எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ்கள் எழுந்தால் மிதி தரைவரை இறங்கிவிடும். தானியங்கியைச் சாதாரண ஓட்ட நிலையிலே விட்டு இறங்குவோன் இவ்வபாயத்தை நோக்கியே செல்கின்றான். வேகம் கூடக்கூடப் பெட்டி மேற்கியருக்கு மாறிக்கொண்டே போகும். முதற் கியரிற் பூட்டி வைத்தாலும், எண்ணெய் நழுவுவதால் இயந்திரத்தின் தடுப்பு கைக்கியர் அளவு உறுதியாக இராது. புதிய வண்டிகளிற் சரிவிறக்கக் கருவி உண்டு. அது பிரேக்கைத் தானே விட்டுவிட்டு அழுத்தி வேகத்தை அடக்குகிறது. நல்ல உதவிதான், ஆயினும் அதுவும் பிரேக்கின் உழைப்பே. இவ்விடத்தில் நான் வென்றேன் என்று மாமா ஒப்புக்கொண்டார்.

அடுத்தது நம்பகம். இச்சொல்லை நாம் ஒரே பொருளில் வழங்குகிறோம். ஆராய்ந்து பார்த்தால் அதனுள் இரண்டு வினாக்கள் உள்ளன. எத்தனை முறை கெடும் என்பது ஒன்று. கெட்டால் எவ்வாறு கெடும் என்பது மற்றொன்று. முதல் வினாவிற்குத் தானியங்கி நன்றாகவே விடையிறுக்கிறது. தேய்வதற்கு உலர் கிளட்ச்சுத் தகடு இல்லை. ஓட்டுநனின் பிழையை அது பெரிதும் பொறுத்துக்கொள்ளுகிறது. அதன் பகை ஒன்றே: வெப்பம். ஆற்றல் அழிவதில்லை என்று பௌதிகத்தில் கற்கிறோம். சேற்றிற் புதைந்த சக்கரம் அசையாதிருக்க வேகமிதியை அழுத்திக்கொண்டே இருந்தால், இயந்திரத்தின் ஆற்றலெல்லாம் கன்வெர்ட்டரின் எண்ணெயில் வெப்பமாகவே சேரும். மிகையான சூட்டில் எண்ணெய் கருகித் தன் குணத்தை இழக்கும். பின்பு உள்ளிருக்கும் தகடுகள் நழுவித் தீயும். கீழ்நிலைப் பெட்டியைப் பயன்படுத்தினால் நழுவல் குறைந்து சூடும் குறையும். எண்ணெயைக் குளிர்விக்கும் தனிக்கருவி இருந்தால் இன்னும் நன்று. கடின உழைப்புக்கு உட்படும் வண்டியில் எண்ணெயை உரிய காலத்துக்கு முன்பே மாற்றுவது அதற்கு ஆயுளைத் தரும்.

இரண்டாம் வினாவில் கைக்கியரே முந்துகிறது. கிளட்ச்சுத் தகடு கெடுமுன் நாற்றத்தாலும் நழுவலாலும் பல நாள் எச்சரிக்கும். சூரியநெல்லிப் பட்டறையிலேயே பெட்டியை இறக்கி ஒரே பகலில் புதுத்தகடு போட்டுவிடுவர். கிளட்ச்சு அறவே போய்விட்டாலும், கீழ்நிலை முதற் கியரை இட்டுச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை நகர்த்தி இயந்திரத்தைக் கிளப்பும் என்பது பழைய ஜீப்பு ஓட்டுநர் அறிந்த உபாயம். மின்கலம் செத்துப்போனாற் சரிவில் உருட்டிக் கிளப்பலாம். தானியங்கியை அவ்வாறு கிளப்ப இயலாது. அதன் எண்ணெய் அழுத்தம் இயந்திரம் ஓடினாலன்றி உண்டாகாது. அதே காரணத்தாற் பழுதான தானியங்கியைச் சக்கரம் உருள நெடுந்தூரம் இழுத்துச் செல்வதும் கேடு. நடுவிலுள்ள சிறு பெட்டியை விடுநிலையில் வைத்தோ, லாரியில் ஏற்றியோ கொண்டுபோக வேண்டும். அதனுள் உள்ள எண்ணெய் வாய்க்கால்களையும் மின்கருவிகளையும் அறிந்து பழுதுபார்ப்போர் பெருநகரங்களில்தான் உள்ளனர். ஆகவே அரிதாகக் கெடுவது ஒன்று. கெட்டாலும் கைக்கெட்டுவது மற்றொன்று. நகரத்தான் முன்னதை நம்பகம் என்பான். மலையான் பின்னதை நம்பகம் என்பான். இருவரும் தத்தம் ஊரை வைத்தே பேசுகின்றனர்.

வாதம் இவ்வளவில் சமநிலையில் நின்றது. சொல்லால் தீராததைத் தடத்தில் தீர்ப்போம் என்று, அறிந்தவர் ஒருவரிடம் தானியங்கி வண்டியொன்றை ஒருநாள் இரவல் வாங்கினோம். பின்னால் ஒரு கட்டிற்பலகையை இட்டு, அதன்மேல் என்னைப் படுக்க வைத்தார் மாமா. "நோயாளி சொல்லட்டும் தீர்ப்பு" என்றார். முதல்நாள் பழைய ஜீப்பிலும் அவ்வாறே படுத்துச் சென்றிருந்தேன். வேறுபாடு ஏற்றத்தில் நன்றாகத் தெரிந்தது. ஜீப்பில், மாமாவின் கையிலே சுகமாகவும், இளைய ஓட்டுநர் கையிலே பலகையினின்று பாதி எழும்பி விழும்படியாகவும் இருந்தது. தானியங்கியிலோ இருவர் கையிலும் ஏறக்குறைய ஒன்றே. கற்களின் குலுக்கல் இரண்டிலும் இருந்தது. அதற்குக் கியர் என்ன செய்யும்? ஆனால் கிளம்புதலிலும் நிற்றலிலும் வரும் வெட்டிழுப்பு இல்லை. இறக்கத்தில், முதற் கியரிற் பூட்டிய பின்பும், வண்டி பழைய ஜீப்பைவிடச் சற்று விரைந்தே இறங்கிற்று. மிகச் செங்குத்தான இரண்டு இடங்களில் மாமா பிரேக்கை விட்டுவிட்டு அழுத்த வேண்டியதாயிற்று. கீழே வந்ததும் அவர் இறங்கி ஒவ்வொரு சக்கரத்தருகிலும் உள்ளங்கையைக் காட்டிச் சூட்டை நோக்கினார். "சூடு இருக்கிறது, அஞ்சும்படி இல்லை" என்றார். இளைய ஓட்டுநரையும் அவ்வாறே நோக்கச் செய்தார்.

அன்றிரவு கடிதம் எழுதினோம். தானியங்கியே வேண்டும் என்பது மாமாவின் முடிவு. நான் அதற்கு முன்வைத்த கடைசித் தடையும் பழுதுபார்க்கும் பட்டறையைப் பற்றியதே. அதற்கு அவர் சொன்ன விடை இது: "பழைய ஜீப்பை விற்றுவிட வேண்டாம் என்று எழுது. புதியது கெட்டு மாதக்கணக்கிற் கிடந்தாலும் பழையது ஓடும். கெடுவது வருஷத்தில் எத்தனை நாள்? பிள்ளைத்தாய்ச்சி குலுங்குவது எத்தனை நாள்?" பின்பு நிபந்தனைகளைச் சொல்லச் சொல்ல எழுதினேன். கீழ்நிலைப் பெட்டி இருத்தல் வேண்டும். முதற் கியரிற் பூட்டி நிறுத்தும் வசதி வேண்டும். எண்ணெய் குளிர்விக்கும் கருவி வேண்டும். எண்ணெயைக் கையேட்டின் கடின உபயோகக் கணக்குப்படி மாற்றவேண்டும். வண்டியில் உதிரி மின்கலம் ஒன்றும் இணைப்புக் கம்பிகளும் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். இறக்கத்திற் கியரைப் பூட்டி ஓட்டுவதைப் பத்து முறையேனும் செய்துகாட்டாத ஓட்டுநரிடம் சாவியைக் கொடுத்தலாகாது.

எல்லாம் முடிந்தது என்று நான் பேனாவை மூடினேன். மாமா, "முதல் வரியை இன்னும் எழுதவில்லையே" என்றார். விளங்காமல் விழித்தேன். "இதை எழுதுகிறவனுக்கு இடது முழங்கால் கெட்டுப்போயிற்று, தானியங்கி வந்தால் அவனுக்கு லாபம் உண்டு, இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள் என்று எழுது" என்றார். வேண்டாம் மாமா, அப்படி எழுதினால் இவ்வளவு நல்ல காரணங்களையும் அவர்கள் நம்பமாட்டார்களே என்று தடுத்தேன். அவர் கேட்கவில்லை. "காரணம் நல்லதாக இருந்தால் முழங்காலைத் தெரிந்த பிறகும் நல்லதாகத்தான் இருக்கும். அதை மறைத்துச் சொன்னால், நாளைக்கு வண்டி நின்றுபோன அன்று, எனக்காகத்தான் சொன்னேன் என்று என் மனமே என்னைக் கேட்கும்" என்றார். கள்ளத்தராசு என்று வேதம் வெறுத்துரைப்பதைப் பல முறை தேவாலயத்திற் கேட்டிருக்கின்றேன். தன் கை தட்டின்மேல் இருப்பதைத் தானே எடுத்துக்காட்டிவிட்டு எடைபோடும் ஒருவரை நேரிற் கண்டது அன்றுதான். அவ்வரியைக் கடிதத்தின் தலைப்பிலேயே எழுதினேன்.

மானேஜர் கடிதத்தைப் பெற்றுக்கொண்டார்; அடுத்த ஆண்டுக் கணக்குத் திட்டத்திற்கு முன் முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். முடிவு எதுவாயினும் அது அவர்களுடையது. மாமா அதற்குள் முழங்காலிற் பட்டையொன்று கட்டிக்கொண்டு பழைய ஜீப்பையே ஓட்டிவருகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின், இளைய ஓட்டுநர் இருவரையும் ஏற்றிக்கொண்டு செங்குத்தான அவ்விரண்டு இடங்களுக்கும் போகிறார். எவ்வண்டி வந்தாலும் அவ்விடங்கள் அங்கேயேதான் இருக்கும் என்கிறார்.

கைக்கியரா, தானியங்கியா என்று என்னைக் கேட்கும் தோழர்களுக்கு நான் இப்பொழுது முதலிற் கேட்கும் வினாக்கள் நான்கு. ஓட்டுபவர் ஒருவரோ, பலரோ? தடம் ஏற்றத்திற் கொடியதோ, இறக்கத்திற் கொடியதோ? கெட்டால் யார் பழுதுபார்ப்பார்? வண்டிக்குள் இருப்பவர் யார்? இந்நான்குக்கும் விடை கிடைத்தபின் பெரும்பாலும் முதல் வினா தானே தீர்ந்துவிடுகிறது. தீராவிடின், பரிந்துரை செய்பவரின் முழங்கால் எப்படியிருக்கிறது என்றும் கேட்கலாம். நேர்மையுள்ளவராயின் அவரே சொல்லிவிடுவார்.